நீண்ட ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக். தமிழ்க் காதுக்கு இந்த மூன்றிலும் ஒரு சிக்கலும் இல்லை. அடிச்சொல் ஒன்று, பின்னால் விகுதி ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் லண்டன்காரர் ஒருவர் சொல்லும்போது கவனித்துக் கேளுங்க. முதல் சொல் ˈஃபோ-ட-க்ராஃப். இரண்டாவது ஃப-ˈடா-க்ர-ஃப. மூன்றாவது ˌஃபோ-ட-ˈக்ராஃ-ஃபிக். (ˈ என்ற குறிக்கு அடுத்து வருவது முதன்மை அழுத்தம் பெறும் அசை; ˌ என்பது துணை அழுத்தம். அகராதிகளில் இருக்கும் அதே குறிகள்தான்.) முதல் சொல்லில் 'ஃபோ' என்று நெடிலாக ஒலித்தது இரண்டாவதில் வெறும் 'ஃப' ஆகிவிட்டது. முதலில் மங்கிக் கிடந்த 'ட', இரண்டாவதில் 'டா' என்று நிமிர்ந்து நிற்கிறது. ஒரு விகுதி சேர்ந்ததற்கு, சொல் முழுக்க உயிரெழுத்துகள் இடம் மாறிய மாதிரி இருக்கிறது.

இது ஏன் இப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. ஆங்கில உச்சரிப்புக்கு விதியே கிடையாது, ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் பண்ண வேண்டியதுதான் என்று நமக்குப் பள்ளியில் சொல்லப்பட்டது. குறுஞ்சொற்களுக்கு அது ஓரளவு சரி. நீண்ட சொற்களுக்குத்தான் தவறு. வேடிக்கை என்னன்னா, சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஒழுங்கு அதில் இருக்கிறது.

முதலில் அசை. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ஆனால் ஒரே அசை. 'ஏரியா' நான்கே எழுத்து, மூன்று அசை. நாம் 'ஸ்ட்ரெங்த்ஸ்' சொல்லும்போது நடுநடுவே சின்னச் சின்ன உகரங்களைச் செருகி மூன்று நான்கு அசையாக்கிவிடுகிறோம். மெய்கள் வரிசைகட்டி நிற்பது நம் மொழியின் வழக்கமில்லை, அதனால் அது இயல்புதான்.

அசையை எங்கே வெட்டுவது என்பது இன்னும் சுவாரசியமான கேள்வி. பொதுவான கொள்கை: இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய் வந்தால், முடிந்தவரை அதை அடுத்த அசையோடு சேர். 'எக்ஸ்ட்ரா'வை எக்-ஸ்ட்ரா என்று வெட்டுவது அதனால்தான். 'ஸ்ட்ர' என்று ஆங்கிலச் சொல் தொடங்க முடியும், 'க்ஸ்ட்ர' என்று தொடங்க முடியாது. ஆனால் இந்தக் கொள்கை ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. அழுத்தம் பெற்ற குறில் ஆங்கிலத்தில் திறந்து நிற்காது. 'பெட்' என்பதில் வரும் எகரத்தோடு முடியும் ஆங்கிலச் சொல் அநேகமாக இல்லை, பின்னால் ஒரு மெய் அதற்குத் தேவை. 'ரெகார்டு' பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில், உயிர் குறில். அதனால் ககரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது: ˈரெக்-அர்ட். வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாவதில், ககரமும் அங்கே போய்விடுகிறது: ரி-ˈகார்ட். அப்படியானால் அந்த ககரம் யாருடையது? இரண்டு அசைக்கும் பொதுவானது என்று சொல்லிவிடலாம் என்றார் டேனியல் கான், 1976ல் எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டில். சண்டை தீரவில்லை, ஆனால் வசதியான சமரசம்.

இந்தச் சிக்கல் கணினிக்கும் வந்தது. அச்சில் வரியின் கடைசியில் சொல் கொள்ளவில்லை என்றால் சிறுகோடு போட்டு உடைக்க வேண்டுமே, எங்கே உடைப்பது? டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, அவர் மாணவர் ஃபிராங்க் லியாங் 1983ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வேட்டை முடித்தார். அகராதியையே கணினியில் ஏற்றாமல், அதிலிருந்து 4447 எழுத்துக்கோலங்களை மட்டும் வடித்தெடுத்து, அவற்றை வைத்தே பெரும்பாலான சொற்களைச் சரியாக உடைக்கும் முறை அது. அந்தக் கோலங்களுக்கு அடங்காத விதிவிலக்கு என்று டெக்கின் கோப்பில் பதினான்கே சொற்கள் உண்டு. அந்தப் பதினான்கில் 'பிரசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் இருக்கின்றன, உடைக்கவே கூடாது என்ற கட்டளையோடு. காரணம் இப்போது புரியும். பெயரா வினையா என்று தெரியாமல் அழுத்தம் தெரியாது, அழுத்தம் தெரியாமல் வெட்டும் இடம் தெரியாது. எழுத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது தெரிய வழியில்லை, தொடாமல் விடுவதே மேல். (தமிழ் அச்சில் இந்தத் தொல்லையே இல்லை. வரித் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். கோடுகூடப் போடுவதில்லை.)

சரி, அழுத்தத்துக்கு வருவோம். 'அழுத்தம்' என்றதும் உரக்கச் சொல்வது என்று நினைக்கிறோம். 1950களில் டென்னிஸ் ஃப்ரை என்ற ஒலியியலாளர் 'ஆப்ஜெக்ட்' மாதிரியான இரட்டைச் சொற்களைச் செயற்கையாகத் தயாரித்து, ஒவ்வொரு கூறாக மாற்றி, கேட்பவர்கள் எதை வைத்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சோதித்தார். சுருதி மாற்றமும் நீட்டமும்தான் முன்னால் நின்றன. சத்தம் அவற்றுக்குப் பின்னால்தான். அழுத்தம் பெற்ற அசை நீள்கிறது, அதில் சுருதி அசைகிறது, அதன் உயிர் தெளிவாக இருக்கிறது. அழுத்தம் பெறாத அசையில் உயிர் மங்கி, நாக்கு வாயின் நடுவே சும்மா கிடக்கும்போது வரும் அரைகுறை அகரம் போல் ஆகிவிடும். ஷ்வா என்று அதற்குப் பெயர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகம் வரும் உயிர் அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்து கிடையாது.

தமிழில் இதற்கு இணை இருக்கிறதா? அழுத்தத்துக்கு இல்லை. தமிழில் அழுத்தம் மாறிப் பொருள் மாறும் சொல் கிடையாது. ஆனால் உயிர் குறுகுவது நமக்குத் தெரியாத விஷயமில்லை. 'காடு', 'பாக்கு' ஆகியவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான் என்று இலக்கணம் வைத்திருக்கிறது, குற்றியலுகரம். 'ஐ' சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வந்தால் குறுகும், ஐகாரக்குறுக்கம். வித்தியாசம் என்னன்னா, தமிழில் உயிர் குறுகுவதைச் சொல்லில் அது நிற்கும் இடமும் பக்கத்து எழுத்தும் தீர்மானிக்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் தீர்மானிக்கிறது. அழுத்தம் நகர்ந்தால் குறுக்கமும் நகரும். ஃபோட்டோகிராஃபில் நடந்தது அதுதான்.

அழுத்தம் ஏன் நகர்கிறது? இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும். ஆங்கிலம் பிறப்பால் ஜெர்மானிய மொழி. அந்தக் குடும்பத்தில் அழுத்தம் சொல்லின் அடியின் முதல் அசையில் விழுந்து அங்கேயே தங்கிவிடும். ˈவன்டர், ˈவன்டர்ஃபுல், ˈவன்டர்ஃபுல்லி. என்ன ஒட்டினாலும் அசையாது. -நெஸ், -ஃபுல், -லெஸ், -லி, -இங், -ஹுட் எல்லாம் இந்த வகை, சாதுவான விகுதிகள். 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் பிரெஞ்சுச் சொற்களும், பிற்பாடு நேரடியாக லத்தீன், கிரேக்கச் சொற்களும் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன. வந்தவை சும்மா வரவில்லை, தங்கள் அழுத்த விதியையும் கையோடு கொண்டுவந்தன.

லத்தீன் விதி நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கடைசி அசையை விட்டுவிடு. கடைசிக்கு முந்தைய அசையைப் பார். அது நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அழுத்தம் அங்கே. வெறும் குறிலாக இருந்தால் அதற்கும் முந்தைய அசைக்குப் போ. அவ்வளவுதான். வடமொழி யாப்பில் குரு, லகு என்று பிரிப்பதும் இதே அளவுகோல்தான். தமிழ் யாப்பு வேறு கணக்கு. குறிலிணையையும் குறில்நெடிலையும் சேர்த்து ஒரே நிரையசையாக்கிவிடும். ஆனால் குறில், நெடில், ஒற்று என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லத்தீன் விதி அந்நியமாகத் தோன்றாது.

இதை ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்க. 'அஜெண்டா': கடைசிக்கு முந்தைய அசை ஒற்றடுத்தது, எனவே அ-ˈஜென்-டா. 'அரோமா': நெடில், அ-ˈரோ-மா. 'சினிமா': நடுவில் வெறும் 'னி', எனவே ஓர் அசை பின்னே போய் ˈசி-னி-மா. 'அமெரிக்கா'வில் ஆங்கில உச்சரிப்புப்படி 'ரி' குறில், அதனால் அ-ˈமெ-ரி-க. லத்தீனுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத சொற்களையும் ஆங்கிலேயர்கள் இதே அச்சில் போட்டு வார்த்தார்கள். கொழும்பு அவர்கள் வாயில் க-ˈலம்-போ; டொரண்டோ ட-ˈரான்-டோ; ஆனால் கனடா ˈகே-ன-ட. இந்தியாவிலிருந்து அவர்கள் எடுத்துப்போன வராந்தாவும் வ-ˈரேன்-ட ஆனது. 1968ல் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலியும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதி, ஆங்கில அழுத்தத்தின் பெரும்பகுதியை விதிகளால் வருவிக்கலாம் என்று காட்டினார்கள். அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது இந்தப் பழைய ரோமானிய விதிதான்.

லத்தீன், கிரேக்க வழி வந்த விகுதிகள் சாதுவானவை அல்ல. -இக், -இட்டி, -ஷன், -இயன், -இயல் இவையெல்லாம் அழுத்தத்தைத் தங்களுக்கு நேர் முந்தைய அசைக்கு இழுத்துவிடும். இ-ˈலெக்-ட்ரிக், இ-லெக்-ˈட்ரி-சி-டி, இ-லெக்-ˈட்ரி-ஷன். இ-ˈகா-ன-மி, ஆனால் எ-க-ˈனா-மிக். ˈஹிஸ்-ட-ரி, ஹிஸ்-ˈடா-ரிக். விதிவிலக்கு உண்டா? உண்டு: ˈபா-லி-டிக்ஸ், ˈஅ-ர-பிக், அ-ˈரித்-ம-டிக். ஆனால் அந்த ˈபா-லி-டிக்ஸ்கூட விகுதி நீண்டதும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது: ப-ˈலி-டி-கல், பா-லி-ˈடி-ஷன். மூன்று சொல், மூன்று அசையிலும் ஒருமுறை அழுத்தம். இந்த ஒரு குடும்பத்தை மட்டும் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்த்தால் போதும், மற்றவை தானாக வரும் என்பது என் அனுபவம். மூன்றாவது வகை விகுதிகள் சுயநலக்காரர்கள், அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்: எஞ்சி-ˈனியர், ஜப்ப-ˈனீஸ், எம்ப்ளா-ˈயீ. 'கமிட்டி' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் க-ˈமி-டி என்று தனியே நிற்கும்.

இப்போது பெரிய சொல்லுக்குப் போகலாம். 'ஆன்ட்டி-டிஸ்-எஸ்டாப்ளிஷ்மென்ட்-டேரியன்-இசம்'. ஆங்கிலத்தில் 28 எழுத்து, 12 அசை. இங்கிலாந்துத் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற 19ஆம் நூற்றாண்டுக் கட்சியின் பெயர். (அயர்லாந்தில் பிரித்தே விட்டார்கள், 1869ல் போட்ட சட்டத்தால்.) உள்ளிருந்து கட்டிப் பாருங்க. எஸ்-ˈடாப்-ளிஷ். அதோடு சாது விகுதி: எஸ்-ˈடாப்-ளிஷ்-மென்ட். அடுத்து -ஏரியன் வருகிறது. -இயன் தனக்கு முந்தைய அசையை அழுத்தும் வகை. அழுத்தம் 'டே'வுக்குத் தாவுகிறது. பழைய இடமான 'டாப்' ஒரேயடியாகச் செத்துவிடாது, துணை அழுத்தமாகப் பதவியிறங்குகிறது. -இசம் சாது, ஒன்றும் செய்யாது. முன்னொட்டுகள் 'ஆன்', 'டிஸ்' தங்களுக்குத் துணை அழுத்தம் வாங்கிக்கொள்கின்றன. கடைசியில்: ˌஆன்-டி-ˌடிஸ்-எ-ˌஸ்டாப்-ளிஷ்-மன்-ˈடே-ரி-ய-னி-சம். வலு, மெலிவு என்று ஏறக்குறைய மாறி மாறிப் போகிறது. தமிழில் அசைகள் சேர்ந்து சீராவது போல, ஒரு வலுவசையும் அதன் பின்னே ஒன்றிரண்டு மெலிந்த அசையும் சேர்ந்து ஒரு சீர். அப்படிச் சில சீர்கள் சேர்ந்தது சொல்.

இதைவிடப் பெரியது 45 எழுத்து, 19 அசை கொண்ட நுரையீரல் நோய்ப்பெயர்: 'நியூமோனோ' என்று தொடங்கி 'கோனியோசிஸ்' என்று முடிவது. அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் 1935ல் வேண்டுமென்றே நீளமாகச் செய்த சொல் அது. அதன் முதன்மை அழுத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க முதல் 17 அசைகளைப் பார்க்கவே வேண்டாம். முடிவு -ஓசிஸ், கடைசிக்கு முந்தைய அசை நெடில், அங்கேதான். ட்யூ-பர்-க்யு-ˈலோ-சிஸ், டை-யக்-ˈனோ-சிஸ் எல்லாம் அதே அச்சு.

இந்தச் சீர்கள் வெறும் ஏட்டுக் கற்பனையில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு வசவு. ஆங்கிலேயர் எரிச்சலிலோ உற்சாகத்திலோ 'ப்ளடி' என்ற சொல்லை இன்னொரு சொல்லின் நடுவிலேயே செருகிவிடுவார்கள். 'ஆப்சலூட்லி' என்பது ஆப்ச-ப்ளடி-லூட்லி ஆகும். 'ஃபன்டாஸ்டிக்' என்பது ஃபன்-ப்ளடி-டாஸ்டிக். ஃபன்டாஸ்-ப்ளடி-டிக் என்று ஒருவரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். செருகும் இடம் எப்போதும் அழுத்தம் பெற்ற அசைக்கு முன்னால், அதாவது இரண்டு சீர்களின் இடைவெளியில். ஜான் மெக்கார்த்தி 1982ல் இதை வைத்தே ஒரு முழு ஆய்வுக்கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடமே போகாதவருக்கும் சீர் எங்கே முடிகிறது என்று தெரிகிறது.

சரி, தமிழ் பேசும் நாம் இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும்? நம் ஆங்கிலம் நமக்குப் புரிகிறதே? நியாயமான கேள்வி, இதில் அறிஞர்களே இரண்டு பக்கம். ஆன் கட்லர், டென்னிஸ் நாரிஸ் 1988ல் காட்டியது: ஆங்கிலம் கேட்பவர் வலுவான அசை காதில் விழுந்ததும் புதுச் சொல் தொடங்கிவிட்டது என்று அனுமானித்துக்கொள்கிறார், ஏனென்றால் ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலான சொற்கள் வலுவசையில்தான் தொடங்குகின்றன. நாம் எல்லா அசையையும் சம வலுவில் சொன்னால் அவர் காது தவறான இடங்களில் வெட்டும். ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்திலிருந்து 1969ல் வெளிவந்த ஆர்.கே. பன்சாலின் ஆய்வும், இந்திய ஆங்கிலம் வெளியாருக்குப் புரியாமல் போவதற்குச் சொல்லழுத்தத்தை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. மறுபக்கம் ஜெனிஃபர் ஜென்கின்ஸ். அவர் 2000ல் எழுதிய நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் பேசிக்கொள்ளும்போது சொல்லழுத்தம் அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லி, கட்டாயப் பாடத்திலிருந்து அதை விலக்கினார்.

எனக்கு இரண்டுக்கும் நடுவே நிற்கத் தோன்றுகிறது. ஷ்வாவை விட்டுவிடலாம், உயிர்களை முழுசாகச் சொல்வதால் பெரிய நஷ்டமில்லை, சிங்கப்பூர்க்காரருக்கும் நைஜீரியருக்கும் அது இன்னும் எளிதாகப் புரியலாம். முதன்மை அழுத்தத்தை மட்டும் விடக் கூடாது. 'சர்டிஃபிகேட்' என்பதில் 'சர்'ரைத் தூக்கிச் சொன்னால் கேட்பவர் வேறு சொல்லைத் தேடிப் போகிறார்; அது ச-ˈடி-ஃபி-கட். 'டெவலப்மென்ட்' டி-ˈவெ-லப்-மன்ட். தொலைபேசியில் பணக்கணக்கு சொல்லும்போது 13, 30 இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் அழுத்தம்தான்: தர்-ˈடீன், ˈதர்-டி. கடைசி மெய் கம்பியில் கரைந்துபோகும், சுருதி போகாது.

அதுவும்கூட நிலையாக நிற்பதில்லை என்பது இதில் கூடுதல் வேடிக்கை. பெயர்-வினை இரட்டைகள் 1570ல் வந்த லெவின்ஸின் அகராதியில் மூன்றே மூன்று. 1934 அளவில் 150. 'பால்கனி'யை ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் பால்-ˈகோ-னி என்றுதான் சொன்னார்கள், முதல் அசைக்கு மாற்றியவர்களைக் கண்டு கவிஞர் சாமுவேல் ராஜர்ஸ் எரிச்சல்பட்டார். 'கான்ட்ரவர்சி' பிரிட்டனில் இன்றும் இரண்டு விதமாக ஒலிக்கிறது. 'கிலோமீட்டர்' அலகு, சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போல ˈகி-லோ என்று தொடங்க வேண்டும். ஆனால் கருவிகளின் பெயர்கள், தர்-ˈமா-மி-டர், ஸ்பீ-ˈடா-மி-டர் என்று, வேறு வரிசை. பலர் கிலோமீட்டரையும் அந்த வரிசையில் நிறுத்தி கி-ˈலா-மி-டர் என்கிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. மைக்ரோமீட்டரில் மட்டும் இரண்டும் பங்காளிகள் மாதிரி பாகம் பிரித்துக்கொண்டன: நீள அலகு என்றால் ˈமைக்-ரோ-மீ-டர், பட்டறையில் தகட்டின் தடிமன் பார்க்கும் கருவி என்றால் மைக்-ˈரா-மி-டர்.